எங்கள் லயத்து வெளிச்சத்தைக் குடித்த பெட்டி

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. நம்மில் ஒருவருடைய மகன் சிரம்பானில் ஏதோ ஒரு கடையில் தேடிப் பிடித்து வாங்கிய பழைய கித்தார் பெட்டி. பெரிய பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். முன்பக்கம் பழுப்புத் துணி, மேலே தோல் கைப்பிடி, ஒரே ஒரு திருகு, அதன் பக்கத்தில் சிவப்புப் பொட்டு விளக்கு. கித்தாரின் ஒயரை அதில் சொருகினால் சத்தம் பெரிதாகும், அவ்வளவுதான். அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாக வந்து கைகூப்பியிருந்தீர்கள். "அந்தக் காலத்து வால்வு சத்தமே தனி லா." "எவ்வளவு இதமா இருக்கும்." "நம்ப லயத்துலகூட ஒன்னு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" ஒருவர் இதயப் பொம்மை ஐந்து போட்டிருந்தார்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்குத்தான் இல்லை. இருந்திருந்தால் அந்த இதயப் பொம்மையைப் போடும்போது கை கொஞ்சம் கூசியிருக்கும். தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்தில் இருந்த பெட்டியைக் கொன்றது உங்கள் அப்பாக்களும் என் அப்பாவும்தான். நானும்தான். இதைக் குழுவில் போட்டால் "பழச ஏன் கிண்டுற" என்று யாராவது ஒரு ரோஜாப்பூ படத்தைப் போட்டு வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்பட்டால் படுங்கள்.

அது ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பருவம். கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களில் அந்த இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரமெல்லாம் மொட்டை, பால் வராது, பாதி நாள் வேலை இருக்காது. வெயில் நேராகத் தகரக் கூரையில் இறங்கும். காய்ந்த இலை மிதிபடும் சத்தம் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். வேலை இல்லாத ஆண்கள் குழாயடியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். நான் ஆறாம் வகுப்பு. வருஷக் கடைசியில் பரீட்சை. "பாஸாகலேன்னா பால் பக்கெட்டத் தூக்கிட்டு ஒங்கம்மா பின்னாடியே போயிடு" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அவர் மண்டோர். முப்பது பேரை வேலை வாங்குகிற வாய், வீட்டிலும் அதே மாதிரிதான் பேசும்.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, அப்போது கல்யாணம் ஆகாதவர், அப்பாவுக்குக் கீழேயே பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் போர்ட்டிக்சனுக்குப் போனார். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டிலிருந்து நடந்து வந்தார். கையில் அந்தப் பெட்டி. ஊருக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் சைக்கிளைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். சிப்பாய்க்கு எதற்குச் சைக்கிள் என்று அம்மா கேட்டாள். அவனுடைய காதலிக்காம். அப்பா கேட்டது வேறு.

"சைக்கிள் இல்லாம நாளைக்கு எப்படிடா வேலைக்காட்டுக்குப் போவ? இந்தப் பலகைப் பெட்டி மேல ஏறியா?"

"நடந்து போறேன் மச்சான்."

"நட. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். மச்சினன்னு பாக்க மாட்டேன்."

பார்க்கவும் இல்லை. அந்த மாதத்தில் இரண்டு நாள் அவரைத் திருப்பி அனுப்பினார்.

மாமா சைக்கிளைக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. சிரம்பானில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற பேண்டு ஒன்று. அதில் கித்தார் வாசித்தவர் சிங்கப்பூருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மாமா போய் பேண்டுத் தலைவரிடம் வாசித்துக் காட்டியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பேண்டில் இருந்த பெட்டி போகிறவருடைய சொந்தப் பெட்டி. "உங்க தோட்டத்து அம்மன் திருவிழா முடிஞ்ச மறு ஞாயிறு வா. சொந்தப் பெட்டியோட வந்தா எடம் உனக்கு. பெட்டி இல்லாம எத்தனையோ பேர் வர்றான்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டி இருந்தால் மாமா சிரம்பானில் வாத்தியக்காரர். இல்லாவிட்டால் கடைசிவரை அப்பாவுக்குக் கீழே மரம் வெட்ட வேண்டியதுதான். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

இனி வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவும் உங்களுக்கு மறந்திருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பல்பு. ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு அரைக்கிற இஞ்சின்தான் நமக்கும் கரண்ட் கொடுத்தது. சாயங்காலம் ஆறரைக்கு வரும், ஒன்பதரைக்குப் போய்விடும். சுவரில் பிளக் கிடையாது. மாமாவின் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமானால், முன்னறையில் தொங்கிய அந்த ஒரே பல்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்டியின் ஒயரை மாட்ட வேண்டும். பெட்டி பாடினால் வீடு இருட்டு. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றுதான், அது அம்மாவோடு அடுப்படியில் இருக்கும். அப்பா இருட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு திட்டுவார். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தில் ஏதோ இருந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்காது. பின்பக்கம் மூடி கிடையாது, உள்ளே பல்பு மாதிரி மூன்று கண்ணாடி வால்வுகள் நிற்கும். மெல்லச் சிவக்கும். முதலில் சூடான தூசி வாசனை வரும், பிறகு மெழுகு வாசனை. அப்புறம் ஒரு உறுமல், பெட்டிமேல் கை வைத்தால் மணிக்கட்டுவரை ஏறும். பல்பைச் சுற்றுகிற பூச்சியெல்லாம் அன்றைக்குப் பெட்டியின் முதுகுப் பக்கம் வந்து மொய்க்கும். மாமா திருகைக் கொஞ்சமாக வைத்தால் கித்தார் சுத்தமாகக் கேட்கும். முழுசாகத் திருப்பினால் அழுதழுது தொண்டை கட்டினவள் பாடுகிற மாதிரி சத்தம் நுனியில் கிழியும். அந்தக் கிழிசலுக்காகத்தான் அவர் சைக்கிளைக் கொடுத்தார்.

"பெரிய பெட்டியில இது வராது பாப்பா. அத முழுசா தொறந்தா வீடே இடிஞ்சிரும், அதனால பாதி தூக்கத்துலயே வச்சிருப்பானுங்க. இது சின்னது. இருக்கிற மூச்சையெல்லாம் கொடுத்துப் பாடும்."

"எனக்குக் கணக்கு இருக்கு மாமா."

"அரை மணி நேரம் லா. அப்புறம் பல்ப மாட்டிடறேன்."

அரை மணி ஒரு மணி ஆகும். ஒரு தடவை அம்மா என் நனைந்த பள்ளிச் சப்பாத்தைக் காய்வதற்காகப் பெட்டிமேல் வைத்துவிட்டாள். மாமா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. அக்காவை அவர் எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். எனக்கு அவர்மேல் ஆசையும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. பதினொரு வயதில் இரண்டும் ஒரே தட்டில் கிடந்தன.

பெட்டி வந்த இரண்டாம் வாரத்தில் லயம் முழுக்க பல்புகள் மங்க ஆரம்பித்தன. முதலில் மஞ்சளாகி, பிறகு பழுத்த பாக்கு நிறமாகி, உள்ளே இருக்கிற கம்பியை எண்ணிவிடலாம் போல் ஆனது. உங்களில் ஒருவர் வீட்டில் இருந்துதான் ஆரம்பித்தது பேச்சு. எந்த வீடு என்று சொல்ல மாட்டேன், குறுகுறுக்கிறவர்களுக்குத் தெரியும். "மண்டோர் வீட்டுப் பெட்டி கரண்ட்டக் குடிக்குது." ஒரே நாளில் குழாயடி முழுக்க இதுதான். அப்புறம் மாமா பெட்டியைப் போடாத நாளில் மங்கினாலும் பெட்டிதான் காரணம். நேற்றுக் குடித்தது இன்றைக்குத் தீரவில்லையாம். மாமா காட்டிலிருந்து வரும்போது பெண்கள் குடத்தை இழுத்துத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். யாரோ எங்கள் வாசலில் உடைந்த பல்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். என் காலில்தான் குத்தியது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் அப்பாவுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். பெரிய இஞ்சின் சத்தமே இல்லை. அதன்மேல் சாக்கு போர்த்தியிருந்தது. மூலையில் கழுதைக்குட்டி உயரத்தில் ஒரு சின்ன இஞ்சின் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி நின்றுகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சலவைச் சட்டை, பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"மண்டோர், பால் இல்லாத நேரத்தில பெரிய இஞ்சினை ஓட்டி என்ன பயன்? மரம் தளிர்க்கும் மட்டும் சின்னதுதான். லயத்துச் சனத்துக்கு உதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை."

"சரிங்கையா. போன வருஷமும் அப்படித்தானுங்களே."

"ஓம். ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே?"

ஒவ்வொரு வருஷமும் இலை உதிரும்போது பல்பு மங்கியிருக்கிறது. தளிர் வந்ததும் சரியாகியிருக்கிறது. பால் குறைந்தால் வெளிச்சமும் குறையும், அவ்வளவுதான் விஷயம். முன்பெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேசாமல் படுத்துவிட்டார்கள். அந்த வருஷம் பழிபோட ஒரு பெட்டி கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள். என் அப்பாவுக்கு இது தெரியும். அன்றைய சாயங்காலத்திலிருந்து எனக்கும் தெரியும்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். காலை நேரம், நிழல் தர ஒரு இலைகூட இல்லை. கோயில் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கோயிலில் மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் இருந்தன, நடுவில் இணைக்கிற பெட்டி போன வருஷமே செத்துவிட்டது. அவர் இரண்டு காரியத்தையும் ஒன்றாக முடிக்கப் பார்த்தார்.

"லயத்து வெளிச்சத்தக் குடிச்ச பெட்டி. அந்தப் பாவத்துக்கு மூனு நாள் அம்மனுக்குப் பாடட்டும். முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துருவோம். அப்புறம் லயத்துல அதப் போடக்கூடாது."

மாமா எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. "ஐயா, இது கித்தார் பெட்டி. அஞ்சு வாட்டுதான். குழாய் ஸ்பீக்கர இழுக்காது, உள்ள எரிஞ்சிரும்."

"ஒரு லயத்துக் கரண்ட்டையே இழுத்துச்சு. ஒரு குழாய இழுக்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அப்பாக்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள், நான் பார்த்தேன். மாமா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு என் அப்பா பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீங்க தினம் ஸ்டோருக்குப் போறீங்க. நீங்களே சொல்லுங்க. பெட்டியா குடிக்குது?"

அப்பா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவர் சொல்லியிருந்தால் கிராணியிடம் பேர் கெட்டிருக்கும். அது மட்டும்தான் போயிருக்கும். "பெரியவங்க சொல்றாங்க, கேட்டுக்கடா" என்றார்.

நான் பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சின்ன இஞ்சினைப் பார்த்த ஆள் அந்தக் கூட்டத்தில் அப்பாவைவிட்டால் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சின்னப் பிள்ளை, அப்பாவுக்குப் பயந்திருப்பாள் என்று நீங்கள் இரக்கப்பட வேண்டாம். பயம் கொஞ்சம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு என் மனதில் ஓடியது வேறு. பெட்டி போனால் பல்பு எனக்கு. இதுதான் நான் நினைத்தது, வார்த்தைக்கு வார்த்தை.

திருவிழாவின் மூன்று நாளும் தோட்ட மேனேஜர் துரை உத்தரவில் பெரிய இஞ்சின் ஓடியது, பகலிலும் கரண்ட் வந்தது. சாயங்காலம் லயத்துப் பல்பெல்லாம் பளீரென்று எரிந்தன. "பாத்தீங்களா, பெட்டிய வெளிய எடுத்ததும் வெளிச்சம் வந்துருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். அதே நேரம் அதே பெட்டி, அதே கரண்ட்டில், கோயிலில் இருந்து கத்திக்கொண்டிருந்தது! காது இருந்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

பெட்டியின் ஸ்பீக்கரைத் துண்டித்துவிட்டு, கோயில் கூரைமேல் இருந்த குழாய்க்கு நீளமாக ஒயர் இழுத்திருந்தார்கள். திருகு கடைசிவரை திருப்பியிருந்தது. காலை ஐந்து மணிக்குப் போட்டால் ராத்திரிவரை நிறுத்த மாட்டார்கள். பிள்ளை காணாமல் போனதையும் அதில்தான் சொன்னார்கள், மோர்ப் பந்தலில் மோர் தீர்ந்ததையும் அதில்தான் சொன்னார்கள். மாமா பக்கத்தில் போனால் விரட்டினார்கள். "கொஞ்ச நேரம் ஆற விடுங்க" என்று அவர் கெஞ்சியதை நான் கேட்டேன். ஒரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு போய், தள்ளி நின்று அதன் முதுகுப் பக்கம் விசிறிக்கொண்டிருந்தார். சாமி பார்க்க வந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் பால்குடம் வந்துகொண்டிருக்கும்போது குழாய் ஸ்பீக்கர் ஒருமுறை கனைத்தது. அப்புறம் சத்தம் இல்லை. அரக்கும் துணியும் சேர்ந்து கருகுகிற வாசனை, பெட்டிக்குப் பின்னால் கறுப்புப் புகை. யாரோ மஞ்சள் தண்ணியை எடுத்து அதன்மேல் ஊற்றினார்கள். கோயில் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் சாமான். அம்மனுக்கு ஆகல" என்று சொல்லிவிட்டுப் பால்குடத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மறு ஞாயிறு மாமா கித்தாரை மட்டும் எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் பஸ் ஏறினார். அம்மா அவருக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தாள். மதியச் சோற்றுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். சட்டையை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய்க் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். காலையில் மரம் வெட்டுவதற்கு.

திருவிழா முடிந்த அன்றே சின்ன இஞ்சின் திரும்பி வந்துவிட்டது. பல்பு பழையபடி பழுத்த பாக்கு நிறத்தில் தொங்கியது. பெட்டி இப்போது வெறும் கூடு, அதற்குள் அம்மா வைக்கோல் போட்டுக் கோழியை அடை வைத்திருந்தாள். லயத்தில் எத்தனை வீடு, எல்லா வீட்டிலும் மங்கிய பல்பு. எல்லாருக்கும் கண் இருந்தது. ஒரு ஆள் வந்து "தப்பா நெனச்சிட்டோம்" என்று சொன்னதில்லை. தளிர் வந்தது, வெளிச்சம் வந்தது, மறந்துவிட்டார்கள். நான் பரீட்சையில் பாஸானேன். சிரம்பானில் படித்தேன், டீச்சரானேன், பென்ஷன் வாங்குகிறேன். மாமா முப்பது வருஷம் மரம் வெட்டினார். தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றி நம்மையெல்லாம் வெளியே அனுப்பிய பிறகு, ஒரு தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நின்றார். கித்தாரை எப்போது விற்றார் என்று யாருக்கும் தெரியாது. தன் கல்யாணத்தில்கூட அவர் வாசிக்கவில்லை.

உங்கள் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் ரெம்பாவுக்குப் போனேன். மாமா மகள் வீட்டில் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. கைபேசியில் படத்தையும், பின்னால் வந்த பெட்டியின் முதுகுப் படத்தையும் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெட்டியின் முதுகைப் பார்த்தார். "வால்வு மாத்தியிருக்கான். நடுவுல இருக்கிறது புதுசு" என்றார். அவர் குரலில் பழைய மாமா ஒரு நொடி வந்துபோனார். அந்த நொடி எனக்கு மன்னிப்பு கிடைக்குமென்ற பேராசை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இஞ்சின் ரூம், கிராணி, அப்பா, நான் எதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதுவரை. காது கேட்காதே என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"மச்சானுக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மூஞ்சியிலேயே இருந்துச்சு. லயத்து ஆளுங்க கூறு கெட்டவனுங்க, அதுவும் தெரியும். அந்த வீட்டுல எனக்குத் துரோகம் பண்ணாதது நீ ஒருத்திதான்னு நெனச்சிட்டிருந்தேன். உனக்குப் பாரம் தாங்கலன்னு அதையும் இன்னைக்கு வந்து பிடுங்கிட்டுப் போற."

"மாமா..." என்றேன்.

கைபேசியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"அண்ணி கெளம்புறாங்க. கேட்டத் தொறந்து விடு."

நான் கிளம்புகிறேன் என்று சொல்லவே இல்லை.